விஸ்கி கறந்த பால்

மாடு மேவிஸ் டன்லப்புடையது, பரிசு லயல் கிரிம்ஸுடையது. பிட்டர் ஃபோர்க் ஊரில் கோடையில் நடக்கும் ரோடியோ என்ற மாடுபிடி விழாவில் ஏழு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஜூலை இரண்டாம் வாரம், சனியும் ஞாயிறும் திருவிழா. எண்ணூறு பேர் வாழும் ஊரில் அந்த இரண்டு நாளும் ஐயாயிரம் பேர் நிற்பார்கள். எட்டு விநாடி காளைமேல் தாக்குப்பிடிக்கிறவர்கள், தாக்குப்பிடிக்க முடியாமல் வேலிமேல் போய் விழுகிறவர்கள், பிடிலும் கிட்டாருமாக வந்து இறங்குகிற பாட்டுக் கோஷ்டிகள், பஸ் பஸ்ஸாக வந்து புதுத் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிற வெளியூர்க்காரர்கள் என்று மண்டிக் கிடக்கும். ஆனால் ஊர்க்காரர்கள் முட்டி மோதி இடம் பிடிப்பது கடைசியாக நடக்கும் முரட்டுப் பசுப் போட்டிக்குத்தான்.

வருஷம் முழுக்க மலைச்சரிவில் மேய்ந்து, மனிதக் கை மடியில் பட்டறியாத ஆறு பசுக்களை ஒரே நேரத்தில் திடலுக்குள் திறந்துவிடுவார்கள். ஆறு அணி, அணிக்கு மூன்று பேர். ஒருவர் குதிரையிலிருந்து கயிறு வீசிப் பிடிக்க வேண்டும். ஒருவர் பசுவின் தலையை அமுக்க வேண்டும். மூன்றாமவர் காலி பீர் பாட்டிலில் பாலைப் பீச்சிக்கொண்டு, கயிற்றைக் கழற்றிவிட்ட பிறகு, நடுவர் நிற்கும் சுண்ணாம்பு வட்டத்துக்கு ஓட வேண்டும். நடுவர் பாட்டிலைக் கவிழ்ப்பார். ஒரு சொட்டாவது கீழே விழ வேண்டும். இரண்டு நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவர்களுக்குப் பரிசு.

அந்த ஆறு பசுக்களையும் வருஷா வருஷம் கொடுப்பவள் மேவிஸ். வயது நாற்பத்தொன்பது. தங்கை கார்லாவோடு ஆற்றுக்கு மேற்கே பண்ணை நடத்துகிறாள். அவள் கயிறு வீசினால் கன்று தப்பியதாகச் சரித்திரம் இல்லை. இருந்தும் போட்டியில் ஒருநாளும் இறங்கியதில்லை. ரோடியோ அன்றைக்கும் வேலை இருக்கும், அவ்வளவுதான் காரணம்.

மே மாதக் கமிட்டிக் கூட்டத்தில் லயல் கிரிம்ஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரன், இரண்டு தம்பிகளோடு ஏழு வருஷமாகப் பரிசை வாரிக்கொண்டு போகிறவன். போன வருஷப் பசுக்கள் சோப்ளாங்கியாக இருந்தன என்று அவன் ஆரம்பித்தான்.

"இந்த வருஷமாவது கொஞ்சம் துடிப்பான மாடாக் குடு மேவிஸ். எங்களுக்கும் வேர்க்க வேணாமா? மாட்ட ஓட்டிட்டு வந்து விட்டுட்டு நீ பாட்டுக்கு வேலிக்கு வெளிய நின்னு கை தட்டு. அது உனக்கு நல்லா வருது."

கூட்டம் சிரித்தது. மேவிஸும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கமிட்டிச் செயலாளரும் நடுவருமான கிழவர் ஹார்லன் பக்கம் திரும்பினாள்.

"ஹார்லன், எழுதிக்கோங்க. டன்லப் அணி. கயிறு நான். தலைக்கு பெர்னிஸ். மடிக்கு கார்லா."

பெர்னிஸ் அந்த இடத்திலேயே இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஆறடி உயரம், பஸ்ஸின் டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிற தோள்கள். விஷயம் அவளுக்கு மறுநாள் ஊர்க் காப்பிக்கடையில்தான் தெரிந்தது, அதுவும் லயல் மூலமாக.

"மூணு பொம்பளைங்களா? பசு பயந்துபோய் தானாவே பாட்டில்ல ஊத்திக் குடுத்துடும் போலிருக்கே," என்றான்.

பெர்னிஸ் முட்டையை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "உன் மொகத்தப் பாத்துத்தான் லயல் பால் திரிஞ்சு போவும். எங்களப் பாத்தா சுரக்கும்."

பிறகு வெளியே வந்து மேவிஸைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த கேக்க மாட்டியாடி நீ?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"சரின்னுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேக்கணும்ல!"

ஜூன் முழுக்கப் பயிற்சி செய்தார்கள். முதல் வாரம் மூன்று பேரும் உடம்பெல்லாம் சாணியோடு வீடு திரும்பினார்கள். மாதக் கடைசியில் நாற்பது விநாடிக்கு வந்துவிட்டார்கள். மேவிஸுக்குத் தூக்கத்தில்கூட சந்தேகம் வரவில்லை. நாங்கள் ஜெயிக்கிறோம் என்று, நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பசுக்களை இறக்கும்போது லாரியின் இரும்புக் கதவு காற்றில் திரும்பி கார்லாவின் வலது கையை நசுக்கியது. முதலுதவிக் கூடாரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள்.

"எட்டு வெரல் நல்லாத்தான் இருக்கு," என்றாள் கார்லா அழுகையை அடக்கிக்கொண்டு.

"மிச்சம் எட்டு வெரல வெச்சு நீ பியானோ வாசிக்கலாம். பால் கறக்க முடியாது," என்றாள் மேவிஸ். தங்கையின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்தாள். ஆனால் மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்குப் போட்டி. ஊரில் கறவை தெரிந்த ஆட்கள் எல்லாரும் ஏற்கெனவே ஏதோ ஓர் அணியில் இருந்தார்கள்.

யோசனையோடு பின்பக்கத்துப் பட்டிக்கு நடந்தாள். முன்பக்கம் பேன்கேக் விருந்து அமளிதுமளியாக நடந்துகொண்டிருந்தது. அங்கே போகாமல் ஒரு வெளியூர்ப் பெண்மணி மட்டும் பட்டியின் கம்பியில் முழங்கையை ஊன்றி மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபதை நெருங்கிய வயது. குட்டையாக வெட்டிய நரைமுடி, வெயிலில் சிவந்த தடித்த கைகள். பக்கத்தில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்ததும், திரும்பிப் பார்க்காமலே பேசினாள். பாடப் புத்தகத்தில் படித்த பாஷை என்பது கேட்டதுமே தெரிந்தது.

"அந்த நான்காவது பசு. பின்னால், இடது காம்பு. அது செத்துவிட்டது."

மேவிஸ் உற்றுப் பார்த்தாள். நிஜம்தான். அவளுக்கே அது போன மாதம்தான் தெரியும்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"மூன்று காம்பு பளபளப்பு. கன்று குடிக்கிறது. ஒன்று காய்ந்தது. கன்று முட்டாள் இல்லை."

"நீங்க மாடு வெச்சிருக்கீங்களா?"

"ஹாலந்தில், வடக்கில். நூற்றிருபது."

"உங்க கையக் கொஞ்சம் குடுங்க."

அந்த அம்மாள் யோசிக்காமல் கையை நீட்டினாள். குலுக்கிய குலுக்கில் மேவிஸின் மோதிரம் விரலுக்குள் பதிந்தது.

"இதுவரைக்கும் எத்தன மாடு கறந்திருப்பீங்க?"

"ஒரு நாளைக்கா, வாழ்க்கைக்கா?"

மேவிஸுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. போட்டியைப் பற்றி நாலு வாக்கியத்தில் சொன்னாள். பசு உதைக்கும், இழுக்கும், கீழே தள்ளும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, "காலணி வேண்டும்," என்றாள். தன் செருப்பைக் காட்டினாள்.

அவள் பெயர் வீட்ஸ்கா. கணவர் டௌவே, கையில் காபிக் கோப்பையோடு வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். "அவளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். தாமதமாகிவிட்டது."

பஸ்ஸோடு வந்த வழிகாட்டிப் பெண் பட்டியலும் கையுமாக ஓடிவந்தாள். "மேடம், இது நம்ம பயணத் திட்டத்துலயே இல்ல! எலும்பு ஒடஞ்சா யாரு பொறுப்பு?"

"என் எலும்பு. என் பொறுப்பு," என்று சொல்லி, கமிட்டிக் காகிதத்தில் வீட்ஸ்கா கையெழுத்துப் போட்டாள்.

ஹார்லன் விதிப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார். "மூணு பேர்ல ரெண்டு பேரு நம்ம வட்டாரத்துக்காரங்களா இருக்கணும்னு போட்டிருக்கு. மூணாவது ஆளு எங்கேருந்து வரணும்னு போடல. சந்திரன்லேருந்துகூட வரலாம்."

செய்தி கேட்டு லயல் வந்தான். வீட்ஸ்காவை மேலும் கீழும் பார்த்தான். தொப்பியைத் தொட்டு, "வணக்கம் மேடம்," என்றான். பிறகு மேவிஸிடம் குரலைத் தாழ்த்தி, "பாவம், நல்லவங்களாத் தெரியுறாங்க. ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிக்குதுன்னு மட்டும் காட்டி வையி," என்றான்.

"உனக்கும் சேத்துக் காட்டட்டுமா?" என்றாள் பெர்னிஸ்.

இரண்டரை மணிக்கு வெயில் தகரக் கூரையை வாட்டிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அணிகளின் பெயரை வாசித்தவருக்கு வீட்ஸ்கா என்ற பெயர் பிடிபடவில்லை. இரண்டு தரம் தடுமாறிவிட்டு, "டன்லப் அணிக்காக, ஹாலந்துலேருந்து... விஸ்கி!" என்று அறிவித்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்று "விஸ்கி! விஸ்கி!" என்று கத்தியது. வீட்ஸ்கா கார்லாவின் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை திணித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல நின்றாள்.

கதவு திறந்தது. ஆறு பசுக்களும் புழுதிக்குள் ஓடின. வெள்ளைச் சாயத்தால் விலாவில் எண் எழுதியிருந்தது. அணிக்கு ஓர் எண். மேவிஸின் முதல் கயிறே கழுத்தில் விழுந்தது. பெர்னிஸ் பசுவின் கொம்பையும் தாடையையும் பிடித்து, பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோலத் திருப்பி நிறுத்தினாள். வீட்ஸ்கா குனிந்தாள். நெற்றியைப் பசுவின் விலாவில் அழுத்தினாள். ஏதோ சொன்னாள். பசு நின்றது. பால் பாட்டிலுக்குள் சீறி இறங்கும் சத்தம் குதிரைமேல் இருந்த மேவிஸுக்கே கேட்டது.

"போதும்! ஓடுங்க!" என்று கத்தினாள் மேவிஸ்.

வீட்ஸ்கா கறந்துகொண்டிருந்தாள்.

"போதும்ங்க! ஒரு சொட்டுப் போதும்!"

"இன்னும் வருகிறது!" என்றாள் வீட்ஸ்கா தலையைத் தூக்காமல்.

லயலின் தம்பி டெல்பர்ட் பாட்டிலோடு வட்டத்துக்குள் குதித்தபோது கடிகாரம் நாற்பத்தெட்டு விநாடி காட்டியது. வீட்ஸ்கா கால்வாசி பாட்டில் நிரம்பிய திருப்தியோடு எழுந்து ஓடி, அறுபத்துமூன்றாவது விநாடியில் வந்து சேர்ந்தாள். ஹார்லன் அதைக் கவிழ்த்தபோது அவருடைய பூட்ஸே நனைந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கை தட்டியது. ஆறு அணியில் இரண்டாவது இடம். மேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மேடையில் பிடில் ஆரம்பித்துவிட்டது. வீட்ஸ்கா மறுபடியும் பட்டிக் கம்பியில்தான் சாய்ந்திருந்தாள். மேவிஸ் நேராக அங்கே போனாள்.

"ஒரு சொட்டுப் போதும்னு காலைலயே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீர்கள். ஒரு சொட்டு பால் இல்லை. அது கசிவு."

"இது போட்டிங்க! பால் பண்ணை இல்ல."

"தெரியும். ஆனால் கை நிற்கவில்லை." வீட்ஸ்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "என் வீட்டில் இப்போது இயந்திரம் கறக்கிறது. நான் திரையில் எண் பார்க்கிறேன். இன்று ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு மாடு என்னோடு பேசியது. நான் பதில் பேசினேன். நீண்ட நேரம் பேசிவிட்டேன். தவறு என்னுடையது."

மேவிஸ் கொண்டுவந்த கோபம் வைக்க இடம் இல்லாமல் போயிற்று. அவளும் கம்பியில் சாய்ந்தாள். 

"பதினஞ்சு விநாடி பின்னாடி இருக்கோம். நாளைக்கு ரெண்டு மணிக்கு அடுத்த சுத்து. உங்க பஸ் காலைல ஏழு மணிக்கே யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்தப் பாக்கக் கெளம்புது," என்றாள் மேவிஸ். "அதனால பரவாயில்ல. வந்ததுக்கு ரொம்ப நன்றி. நெஜமாத்தான் சொல்றேன்."

"பஸ் போகட்டும். நான் பஸ் இல்லை."

"உங்க வீட்டுக்காரரு?"

டௌவே இரண்டு தட்டில் வறுத்த இறைச்சியோடு அப்போதுதான் வந்தார். மனைவி அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை சொன்னாள். அவர் தட்டை வேலிக் கம்பத்தின்மேல் வைத்தார்.

"முப்பத்தாறு வருஷமாக இவளைத் தெரியும். தோற்ற இடத்திலிருந்து இவளைக் கிளப்ப முடியாது," என்றார் மேவிஸிடம். "நான் போய் இரண்டு பேருக்குமாகப் பார்த்துவிட்டு வருகிறேன். வெந்நீர் மேலே போகும். பிறகு கீழே வரும். சொன்னால் இவளுக்குப் புரிந்துவிடும்."

அன்று வீட்ஸ்கா மேவிஸின் வீட்டில் தங்கினாள். விடிந்ததும் சமையலறை மேசையில் பேரம் நடந்தது. பெர்னிஸும் வந்திருந்தாள்.

"ஒரே ஒரு பீச்சு," என்றாள் மேவிஸ்.

"பத்து," என்றாள் வீட்ஸ்கா.

"பத்தா? பாட்டிலோட கூட ரொட்டியும் கொண்டு போயி ஹார்லனுக்குப் பரிமாறலாமா?" என்றாள் பெர்னிஸ்.

கார்லா கட்டுப்போட்ட கையைத் தூக்கிச் சமாதானம் செய்தாள். கடைசியில் மூன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். முதல் பீச்சு நுரை, அது கணக்கில் சேராது, இரண்டாவதும் மூன்றாவதும்தான் பால் என்று வீட்ஸ்கா விளக்கினாள். பிறகு முற்றத்தில் பூட்ஸோடு ஓடிப் பழகினாள். கட்டைவிரலால் பாட்டில் வாயை அடைத்துக்கொண்டு ஓடுவது அவளுடைய யோசனை. அதுவரை பிட்டர் ஃபோர்க்கில் யாருக்கும் அது தோன்றியதில்லை.

பகல் ஒரு மணிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். மாட்டுக்குச் சொந்தக்காரர் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று விதி. மற்ற ஐந்து அணியும் எடுத்தபின் ஹார்லனின் தொப்பிக்குள் ஒரே சீட்டு மிச்சமிருந்தது. அதைப் பிரிக்கும் முன்பே மேவிஸுக்குத் தெரிந்துவிட்டது. நூற்றுப்பன்னிரண்டு, பண்ணையில் அதன் காதில் மாட்டிய எண். வரிவரியான உடம்பும் விரிந்த கொம்பும் உள்ள அந்தப் பசு ஏப்ரலில் அவளுடைய பிக்கப் வண்டியின் கதவையே உள்ளே தள்ளியிருந்தது.

"ஆண்டவன் என் பக்கம்," என்றான் லயல் வானத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி.

"இது நம்ம வீட்டு மாடு லயல். இதுக்கு என்ன புடிக்கும், என்ன புடிக்காதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் மேவிஸ்.

வாய்க்கு வந்ததை அவள் சொல்லவில்லை. தெரிந்ததைத்தான் சொன்னாள். பெர்னிஸையும் வீட்ஸ்காவையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இதத் தொரத்தக் கூடாது. தொரத்தினா நாள் பூரா ஓடும். கன்னுக்குட்டிங்கள அடச்சு வெச்சிருக்காங்கல்ல, வடக்கு மூல? கதவு தொறந்ததும் ஒரு சுத்து சுத்திட்டு நேரா அங்கதான் வரும். நான் முன்னாடியே அங்க போயி நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வேலியோட ஒட்டிக்கிட்டு நில்லுங்க. எடது கால்ல ஒதைக்கும். வலது கால்ல ஒதச்சு நான் பாத்ததே இல்ல."

"அப்படியானால் வலது பக்கம்," என்றாள் வீட்ஸ்கா.

"தலைய நான் பாத்துக்கறேன்," என்றாள் பெர்னிஸ். பிறகு, "நீ பாத்ததுதான் இல்லியா, இல்ல நெஜமாவே ஒதைக்காதா?" என்று கேட்டாள்.

"இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

இரண்டு மணிக்கு மேற்கே மேகம் கட்டி, காற்று புழுதியைச் சுருட்டி அடித்தது. உட்கார இடமில்லாமல் ஜனங்கள் வேலிமேல் ஏறியிருந்தார்கள். மணி அடித்தது. மற்ற ஐந்து குதிரைகளும் பசுக்களின் பின்னால் பாய்ந்தன. மேவிஸ் மட்டும் குதிரையை நடக்கவிட்டு வடக்கு மூலைக்குப் போய் நின்றாள். "டன்லப் என்ன, சாப்பாட்டு நேரமா?" என்று ஒலிபெருக்கி கேலி செய்தது. மேவிஸ் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றக்கூட இல்லை. சுருக்கைத் திறந்து தொடையோரம் வைத்திருந்தாள்.

நூற்றுப்பன்னிரண்டு திடலை ஒரு சுற்றுச் சுற்றியது. நடுவில் நின்றது. வடக்கு மூலையில் அதன் கன்று கத்தியது. அவ்வளவுதான், கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது. மேவிஸ் அதை இரண்டு குதிரை நீளத்துக்கு நெருங்கவிட்டு, கையை ஒரே வீச்சாக வீசினாள். சுருக்கு இரண்டு கொம்பையும் சேர்த்து விழுந்தது. குதிரை பின்னங்காலில் உட்கார்ந்து கயிற்றை இறுக்கியது.

பதினோரு விநாடி.

பெர்னிஸ் வேலியிலிருந்து பாய்ந்து தலையைக் கட்டிப்பிடித்தாள். பசு அவளைத் தரையிலிருந்து தூக்கி ஒரு தரம் உதறியது. அவள் விடவில்லை. "ஒக்காரு! ஒக்காருன்னா ஒக்காரு!" என்று பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினாள். பசு உட்காரவில்லை, ஆனால் திகைத்து நின்றது. அந்தத் திகைப்புக்குள் வீட்ஸ்கா வலது பக்கமாகப் புகுந்துவிட்டாள். நெற்றி விலாவில். கை மடியில். காம்பைத் தேடவில்லை, முந்தின நாளே பார்த்து வைத்திருந்தாள். பசுவின் இடது கால் காற்றை உதைத்தது. வலது கால் மண்ணிலேயே நின்றது.

"ஒன்று!" என்று வீட்ஸ்கா கத்தினாள். "இரண்டு! மூன்று!"

மூன்றோடு கையை எடுத்துவிட்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது மேவிஸுக்கு முகத்தில் தெரிந்தது.

மேவிஸ் கயிற்றைத் தளர்த்த, பெர்னிஸ் ஒரு கொம்பிலிருந்து சுருக்கை உருவினாள். இன்னொரு கொம்பில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. பல்லால் முடிச்சைக் கடித்து நெகிழ்த்தி உருவிவிட்டு, "போ விஸ்கி, போ!" என்று அலறினாள். ஐம்பத்தெட்டு வயது வீட்ஸ்கா பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, அளவு சேராத பூட்ஸில் மண்ணை அள்ளி எறிந்தபடி ஓடினாள். வட்டத்துக்குள் வந்தபோது நிற்க முடியாமல் ஹார்லனையே கட்டிப் பிடித்து நின்றாள்.

முப்பத்தேழு விநாடி. ஹார்லன் பாட்டிலைக் கவிழ்த்தார். பால் கோடாக விழுந்தது. கொடி இறங்கியது.

மொத்தம் நூறு. லயல் ஐம்பத்திரண்டு விநாடிக்குள் வந்துவிட்டால் பரிசு மறுபடி அவனுக்குத்தான். ஒலிபெருக்கிக்காரருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். நாற்பது, நாற்பத்தொன்று என்று அவர் எண்ண ஆரம்பிக்க, கூட்டமும் சேர்ந்து எண்ணியது. டெல்பர்ட் பசுவுக்கடியில் இருந்தான். முப்பத்தேழு என்ற எண்ணைக் கேட்டதிலிருந்தே அவனுக்குப் பதற்றம். "ஓடுடா! ஓடுடா!" என்று லயல் குதிரைமேலிருந்து தொண்டை கிழியக் கத்தினான். கயிறு கழன்றது. டெல்பர்ட் ஓடினான். நல்ல ஓட்டக்காரன். ஐம்பதாவது விநாடியில் வட்டத்துக்குள் காலை வைத்துவிட்டான்.

மேவிஸ் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

ஹார்லன் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தார். திடலே அமைதியாகிவிட்டது. பாட்டில் கழுத்தில் ஒரு வளையம் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. ஹார்லன் தட்டினார். நுரை அசைந்தது. விழவில்லை. இன்னொரு தரம் தட்டினார். முழுசாக மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டிலை டெல்பர்ட்டின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லப்பா. போயி கறந்துட்டு வா."

அவனுடைய பசு அதற்குள் திடலின் மறு கோடியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு எழுந்த சத்தத்தில் மேவிஸுக்கு ஒலிபெருக்கி சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. பெர்னிஸ் ஓடிப்போய் வீட்ஸ்காவை அப்படியே தூக்கிச் சுற்றினாள். கார்லா வேலி தாண்டிக் குதித்து, கட்டுப்போட்ட கையை மறந்து கை தட்டி, வலியில் கத்தி, மறுபடி தட்டினாள். மேவிஸ் குதிரையைவிட்டு இறங்கி நடந்துதான் வந்தாள். அவசரமே இல்லாமல் வந்தாள். அந்த நடையைக் கூட்டம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஏழு வருஷம் வேலிக்கு வெளியே நின்றவள்.

லயல் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். நெற்றியில் தொப்பியின் வளையம் சிவப்பாகத் தெரிந்தது.

"மூலைல போயி நின்னியே, நான்கூட கயிறு சிக்கிடுச்சுன்னு நெனச்சேன்," என்றான்.

"நீ நெனப்பன்னு தெரியும்."

"அந்தப் பசு அங்கதான் வரும்னு எப்படி அவ்வளவு நிச்சயமா நின்ன?"

"அதுக்குப் புள்ள அங்க இருக்கு லயல். வேற எங்க போவும்?"

அவன் தலையை ஆட்டினான். வீட்ஸ்கா பக்கம் திரும்பி, "மேடம், அடுத்த வருஷம் எங்க அணிக்கு வரீங்களா?" என்றான். முகத்தில் கிண்டல் இல்லை.

"உங்கள் தம்பிக்கு நுரை வேறு, பால் வேறு என்று சொல்லிக் கொடுங்கள். பிறகு என்னைக் கூப்பிட வேண்டாம்," என்றாள் வீட்ஸ்கா. லயல் வாய்விட்டுச் சிரித்தான். அன்று மாலை பிடில் ஆட்டத்தில் முதல் ஆட்டத்துக்கு அவளைக் கை நீட்டி அழைத்ததும் அவன்தான். இரண்டாவது ஆட்டத்துக்கு அவள் பெர்னிஸை இழுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை மேவிஸ் வீட்ஸ்காவைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு யெல்லோஸ்டோனுக்குக் கிளம்பினாள். நாலு மணி நேரப் பயணம். மூன்று பேருக்கும் பரிசாகக் கிடைத்த வெள்ளி பெல்ட் பக்கிள்களில் ஒன்றை வீட்ஸ்கா இடுப்பில் மாட்டியிருந்தாள். அவளுடைய கால்சட்டைக்கு பெல்ட்டே கிடையாது, கார்லா தன்னுடையதைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"நீங்கள் அடிக்கடி அங்கே போவீர்களா?" என்று வழியில் வீட்ஸ்கா கேட்டாள்.

மேவிஸ் கியரை மாற்றினாள். "ஒரு தடவகூடப் போனதில்ல."

"நாலு மணி நேரத்தில் இருக்கிறது!"

"மாடு இருக்குல்ல. மாட்ட விட்டுட்டு எங்க போறது?"

வீட்ஸ்காவுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. புரிகிறது என்று தலையசைத்தாள்.

டௌவே வெந்நீர் ஊற்றுக்கு எதிரே மர பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். மனைவியின் இடுப்பைப் பார்த்தார். "ஜெயித்தாயா?" என்று கேட்கவில்லை. "எத்தனை விநாடி?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் மெச்சுவதுபோல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் பூமி உறுமியது. நீர் முதலில் தயங்கி எட்டிப் பார்த்தது. பிறகு நூறடி உயரத்துக்கு வெள்ளையாக எழுந்து நின்றது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மேவிஸ் வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஆவி காற்றில் சாய்ந்து வந்து அவள் முகத்தில் பட்டது.

"இவ்வளவு பெரிய எடத்துல ஒரு மாடு மேயப் புல்லு இல்லியே," என்றாள் கடைசியில்.

"தண்ணீர் நல்ல சூடு," என்றாள் வீட்ஸ்கா. "பால் பாத்திரம் கழுவலாம்."

இருவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்று டௌவேயிடம் கேட்டாள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் அவர்.

மேவிஸ் கார்லாவுக்குப் போன் செய்தாள். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் திறந்துவிட பெர்னிஸைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னாள். போனைப் பையில் போட்டுவிட்டு, காலை நீட்டி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.